ஐப்பசி இரவில் கூரை ஒழுகினால்

ராத்திரி இரண்டு மணி. அரிசிப் பானை மூடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால் கூடத்தின் நடுவில் ஈரம். வெளியே மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. அந்த ராத்திரியில் என்ன செய்வது, விடிந்ததும் என்ன செய்வது, மழைக்காலம் முடியும்வரை எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

உங்கள் வீடு காரைக்கால் பக்கம் போலகத்திலோ திருமலைராயன்பட்டினத்திலோ இருக்கலாம்; எல்லை தாண்டி நாகூர்ப் பக்கமும் இருக்கலாம். தாத்தா காலத்து மண்சுவர், பனங்கை (பனைமரத்தை அறுத்துச் செய்த சாய்சட்டம்; சுருக்கமாகக் 'கை'), மூங்கில், மேலே தென்னங்கீற்று. அல்லது முன்கட்டில் ஓடும் பின்கட்டில் கூரையுமாக இருக்கலாம். மாட்டுக்கொட்டகை மட்டும் கூரையாக இருந்தாலும் இதே முறைதான்.

முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும்?

கீற்றை அல்ல. கீற்று ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான். அதன் கீழே இருக்கிற மரச்சட்டமும் மண்சுவரும்தான் உங்கள் பழைய வீடு. வைரம் பாய்ந்த பனங்கை நனையாமல் இருந்தால் இரண்டு மூன்று தலைமுறைக்கு நிற்கும். மண்சுவரும் அப்படித்தான். ஆனால் உச்சியில் தண்ணீர் இறங்கிவிட்டால் அதே சுவர் களியாகிவிடும்.

அதனால் ஒழுகுவதைப் பார்த்ததும் மனத்தில் ஒரு வரிசை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஆள், பிறகு மின்சாரம், பிறகு சுவர், பிறகு சட்டம், கடைசியில் கீற்று. கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த வரிசையை ஒட்டியே இருக்கும்.

கூரை எப்படித் தண்ணீரைத் தடுக்கிறது?

தடுப்பதில்லை, கீழே அனுப்பிவிடுகிறது. ஒரு கீற்றின் மேல் விழுந்த துளி, இலை நுனி வழியாக அடுத்த வரிசைக் கீற்றுக்கு இறங்குகிறது. அங்கிருந்து அதற்கும் அடுத்தது. இப்படிக் கைமாறிக் கைமாறி இறவாணத்தில் (கூரையின் கீழ்விளிம்பில்) சொட்டுகிறது. நன்றாக வேய்ந்த கூரையில் மேலே உள்ள ஓரிரு அடுக்குதான் நனையும்.

இதற்கு மூன்று விஷயம் வேண்டும். கூரை நல்ல சாய்வாக இருக்க வேண்டும். எப்போதும் மேல்வரிசையின் கீழ்நுனி கீழ்வரிசையின் மேல் படிந்திருக்க வேண்டும். மழை விட்டதும் காற்றோட்டத்தில் காய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று கெட்டால் ஒழுகும். நீங்கள் செய்கிற அவசர வேலை இந்த மூன்றில் ஒன்றைக் கெடுத்தாலும் ஒழுகும். இதை மறக்காதீர்கள்; தார்ப்பாய் போடும்போது தேவைப்படும்.

ஒரு சின்ன ஓட்டைக்கு இவ்வளவு கவலையா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தரையளவில் 50 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 540 சதுர அடி மூடுகிற கூரை. ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன் மேல் விழுவது 5,000 லிட்டர். நூற்றில் ஒரு பங்கு உள்ளே வந்தால்கூட 50 லிட்டர். மூன்று குடம் நிறையத் தண்ணீரை எடுத்து மண்சுவரின் தலையில் ஊற்றினால் என்ன ஆகும்? நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் 10 சென்டிமீட்டர் மழை அபூர்வமும் அல்ல.

மழை பெய்யும்போதே கூரை மேல் ஏறலாமா?

கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. நனைந்த கீற்று வழுக்கும். நனைந்த கூரை கனக்கும். அதைத் தாங்கிக்கொண்டிருக்கிற வரிச்சி (பனங்கைகளின் குறுக்கே கட்டிய மூங்கில் பிளாச்சு) உங்கள் கனத்தையும் சேர்த்துத் தாங்குமா என்பது இருட்டில் தெரியாது. இடி மின்னல் வேறு. 'கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன்' என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த ராத்திரிக்கு எல்லா வேலையும் கீழே இருந்துதான்.

அப்படியானால் அந்த ராத்திரியில் என்ன செய்வது?

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். கூரை வீட்டில் ஒயர் பெரும்பாலும் சட்டத்தை ஒட்டியே போகும். ஒழுகுகிற நீர் ஒயர் வழியாக ஓடி சுவிட்சுப் பெட்டிக்குள் இறங்கலாம். கை ஈரமாக இருந்தால் துடைத்துக்கொண்டு, காய்ந்த பலகையின் மேல் நின்று அணையுங்கள். பெட்டியே நனைந்திருந்தால் அதைத் தொட வேண்டாம்; அந்த அறையில் யாரும் இருக்கவும் வேண்டாம். டார்ச் போதும்.

அடுத்து ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பள்ளிச் சான்றிதழ். ஒரு பாலித்தீன் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, காய்ந்த பக்கத்தில் வையுங்கள். மழைக்காலம் தொடங்கும்போதே இப்படிக் கட்டி வைத்துவிட்டால் ராத்திரியில் தேட வேண்டியதில்லை.

பிறகு சொட்டுகிற இடத்துக்குக் கீழே அண்டாவோ பக்கெட்டோ வையுங்கள். அதற்குள் ஒரு பழைய துணியைப் போட்டால் சத்தமும் இராது, தெறிக்கவும் தெறிக்காது.

சொட்டு நடுவீட்டில் விழாமல் சுவரில் இறங்கினால்?

அதுதான் ஆபத்தானது. நடுவீட்டில் விழுகிற தண்ணீரைப் பிடித்துவிடலாம். சுவரில் இறங்குகிற தண்ணீர் சத்தமில்லாமல் வேலையைக் காட்டும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. தண்ணீர் வருகிற பனங்கையிலோ வரிச்சியிலோ, சுவருக்கு ஒரு முழம் முன்னாலேயே, ஒரு கயிற்றுத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். முடிச்சு மரத்தின் அடிப்பக்கம் வரட்டும். கயிற்றின் மறுமுனையை நேராகப் பக்கெட்டுக்குள் தொங்கவிடுங்கள். மரத்தின் அடிப்பக்கமாக ஊர்ந்து வருகிற நீர் முடிச்சில் தட்டி, கயிறு வழியாக இறங்கிவிடும். சுவர் தப்பிக்கும். நார்க்கயிறு, பருத்திக் கயிறு இரண்டும் இதற்கு நன்றாக இருக்கும். வழுவழுப்பான நைலான் கயிற்றில் நீர் சரியாகப் பிடிக்காது.

நீர் நிறைய வந்தால் நெடுக்காகப் பிளந்த மூங்கிலையோ வாழைமட்டையையோ சாய்வாகக் கட்டித் தண்ணீரை வெளியே விடலாம்.

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதானே ஓட்டை இருக்கும்?

பெரும்பாலும் இருக்காது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நீர் ஓரிடத்தில் நுழைந்து, கீற்றின் மட்டையையோ கையின் அடிப்பக்கத்தையோ பிடித்துக்கொண்டு சரிவில் ஊர்ந்து, ஏதாவது ஒரு முடிச்சிலோ கணுவிலோ தட்டிய பிறகுதான் கீழே விழும். ஓட்டை அதற்கு ஒரு முழம் மேலேயும் இருக்கலாம், நாலு முழம் மேலேயும் இருக்கலாம். ஆனால் எப்போதும் முகட்டுப் (இரண்டு சரிவும் சேரும் உச்சியின்) பக்கமாகத்தான் இருக்கும்.

அதனால் சொட்டைப் பார்த்ததும் டார்ச்சை அங்கிருந்து மெதுவாக மேல்நோக்கி நகர்த்துங்கள். ஈரக்கோடு மினுங்கும். அது எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். தொடங்குகிற இடத்தில் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, உள்ளிருந்து வெளியே கூரையைத் துளைத்து நீட்டி விடுங்கள். காலையில் வெளியே நின்று பார்த்தால் அந்த ஈர்க்கு நுனி தெரியும். உள்ளே பார்த்ததை வெளியே தேடி அலைய வேண்டாம்.

பகலில் வெளிச்சப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் ஒழுகுமா?

ஒழுகும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதை வைத்து ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். ஈரமான இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே கீற்று நகர்ந்திருக்கிறது. எலியோ அணிலோ காக்கையோ இழுத்திருக்கலாம், காற்று தூக்கியிருக்கலாம். அதற்கு ஒரு கீற்றைச் செருகினால் போதும்.

வெளிச்சமே தெரியாத இடம் ஒழுகினால் அங்கே கீற்று மக்கியிருக்கிறது. மக்கிய இலை நீரைக் கீழே தள்ளாது, பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அங்கே ஒரு கீற்றைச் செருகினாலும் நிற்காது. அந்தப் பகுதிக்குத் தார்ப்பாய்தான்; வெயில் வந்த பிறகு புதுக்கீற்று.

மழை விட்டுவிட்டது. இப்போது ஏறலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் உள்ளே போய், ஒழுகிய இடத்தைச் சுற்றியுள்ள கைகளையும் விட்டத்தையும் ஒரு கம்பியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் மரம் நன்றாக இருக்கிறது. மொத்தென்று கேட்டாலோ கம்பி நுனி உள்ளே இறங்கினாலோ, கரையானோ மக்கலோ இருக்கிறது. கை சுவரின் மேல் உட்காருகிற இடத்தை அவசியம் பாருங்கள். அங்கேதான் முதலில் இற்றுப்போகும். அப்படி இருந்தால் கூரை மேல் ஒருவரும் ஏறக்கூடாது. உள்ளே ஒரு சவுக்குக் கழியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

மரம் நன்றாக இருந்தாலும் கூரை மேல் நடக்காதீர்கள். ஏணியைக் கூரைச் சரிவோடு படுக்க வைத்து, அதன் தலையில் கயிறு கட்டி, முகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்திலோ தூணிலோ இழுத்துக் கட்டுங்கள். ஏணியின் மேல் நின்றால் கனம் பல வரிச்சிகளுக்குப் பிரிந்து போகும். கூரைக்கு மேலாகவோ பக்கத்திலோ மின்கம்பி போனால், மின்துறையைக் கூப்பிட்டு இணைப்பை நிறுத்தாமல் ஏற வேண்டாம்.

இன்னொன்று: மழைக்குப் பயந்து பாம்பும் தேளும் பூரானும் கூரைக்குள்தான் ஒண்டும். எந்தக் கீற்றையும் கையால் தூக்கும் முன் ஒரு கோலால் தட்டுங்கள்.

கீற்றைச் செருகுவது எப்படி?

இதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. ஒரு கீற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தென்னை மட்டையை நடுவில் வகிர்ந்து, ஊறப்போட்டு முடைந்தது. ஒரு ஓரத்தில் மட்டை, மறு ஓரத்தில் இலை நுனிகள். வேயும்போது மட்டை எப்போதும் மேலே, நுனி கீழே. செருகும்போதும் அப்படித்தான்.

ஈர்க்கு நீட்டியிருக்கிற இடத்துக்கு மேல்வரிசைக் கீற்றை ஒரு மழுங்கிய கோலால் மெல்லத் தூக்கிப் பிடியுங்கள். புதுக் கீற்றின் மட்டைப் பக்கத்தை அந்த இடுக்குக்குள் மேல்நோக்கித் தள்ளுங்கள். மட்டை முழுக்க மேல்வரிசைக்கு அடியில் மறைய வேண்டும். நுனி ஓட்டையைத் தாண்டிக் கீழ்வரிசையின் மேல் நன்றாகப் படிய வேண்டும். குறைந்தது ஒரு சாண் படியட்டும்.

பிறகு ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் ஓட்டை போட்டு, ஊசி மாதிரி கயிறு கோத்து, மட்டைக்குப் பக்கத்தில் குத்தி உள்ளே அனுப்புங்கள். உள்ளே இருப்பவர் கயிற்றை வரிச்சியைச் சுற்றி வெளியே திருப்பி அனுப்புவார். வெளியே இழுத்து முடிச்சுப் போடுங்கள். முடிச்சும் மேல்வரிசைக்கு அடியில் இருக்க வேண்டும். வெளியே தெரிகிற கயிறு தண்ணீரை உள்ளே அழைத்து வரும்.

கீற்றை ஓட்டையின் மேல் சும்மா போட்டு, ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தால் ஆகாதா? ஆகாது. மேலிருந்து ஓடி வருகிற நீர் அதன் மட்டையில் முட்டி, அடியில் புகுந்து, முன்னைவிட அதிகமாக ஒழுகும்.

முகட்டில் ஒழுகினால்?

பழைய கூரைகளில் அதிகம் ஒழுகுவது முகடுதான். அங்கே மேல்வரிசை என்று ஒன்று கிடையாது. அதனால் செருக முடியாது, போர்த்த வேண்டும். கீற்றை முகட்டின் குறுக்கே மடித்து, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி போட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூங்கிலை நீளவாக்கில் வைத்து, மூங்கில்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுங்கள். மழைக்காலத்துக்குள் முழுக் கூரையையும் மாற்ற வசதியில்லை என்றால் புரட்டாசியில் முகட்டை மட்டுமாவது புதுப்பித்துவிடுங்கள். கொஞ்சம் கீற்றுச் செலவில் பாதித் தொல்லை தீரும்.

அடுத்த இடம் கூடுவாய் (இரண்டு கூரைச் சரிவுகள் சேர்ந்து பள்ளமாகிற இடம்). முன்கட்டு ஓடும் பின்கட்டுக் கூரையும் சேருகிற வீடுகளில் இது இருக்கும். இரண்டு கூரைத் தண்ணீரும் ஒரே வழியில் ஓடுவதால் சருகு அடைத்தாலே ஒழுகும். பல நேரம் கீற்றே வேண்டாம். சருகை வாரி எடுத்தால் போதும்.

தார்ப்பாயை எப்படிப் போடுவது?

தார்ப்பாய் போட்ட பிறகும் ஒழுகுகிறது என்று சொல்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். தார்ப்பாயின் மேல்விளிம்பு கூரையின் நடுச்சரிவில் முடிந்திருக்கும். முகட்டிலிருந்து வருகிற நீர் அந்த விளிம்புக்கு அடியில் புகுந்து, தார்ப்பாய்க்குக் கீழே சுகமாக ஓடும்.

தார்ப்பாய் முகட்டைத் தாண்டி மறுபக்கம் இரண்டு முழமாவது இறங்க வேண்டும். ஒழுகுவது ஒரு பக்கம்தான் என்றாலும் அப்படித்தான். அவ்வளவு பெரிய தார்ப்பாய் இல்லையென்றால், அதன் மேல்விளிம்பைக் கீற்றைச் செருகியது போலவே மேல்வரிசைக்கு அடியில் செருகிவிடுங்கள். இரண்டு தார்ப்பாயை ஒட்டிப் போட்டால் மேலே உள்ளது கீழே உள்ளதன் மேல் ஒரு முழம் ஏறியிருக்கட்டும்.

ஆணி அடிக்க வேண்டாம். ஒவ்வொரு ஆணியும் ஒரு புது ஓட்டை, காற்று அங்கேதான் கிழிக்கும். கீழ்விளிம்பை ஒரு மூங்கிலில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். இரண்டு பக்கத்து மூங்கிலையும் முகட்டின் மேலாகக் கயிற்றால் இணைத்துவிட்டால் ஒன்று மற்றொன்றைப் பிடித்துக்கொள்ளும். பாரம் வேண்டுமென்றால் மணல் மூட்டையைக் கயிற்றில் தொங்கவிடலாம். சும்மா எடுத்து வைத்த செங்கல் காற்றில் உருண்டு யார் தலையிலாவது விழும்.

பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஆகாதா?

ஒரு வாரத்துக்கு ஆகும். அதில் கயிறு கட்டுகிற வளையத்தைச் சுற்றித்தான் முதலில் கிழியும். வளையத்தில் கட்டாமல், விளிம்பில் ஒரு கூழாங்கல்லை வைத்து, துணியோடு சேர்த்து அதன் கழுத்தில் கயிற்றை இறுக்குங்கள். கிழியாது.

தார்ப்பாயை எத்தனை நாள் விட்டுவைக்கலாம்?

மழை இருக்கும்வரை இருக்கட்டும். ஆனால் தொடர்ந்து இரண்டு நாள் வெயில் அடித்தால் ஒரு பக்கமாவது சுருட்டிவிடுங்கள். கூரை மூச்சு விட வேண்டும். தார்ப்பாய்க்கு அடியில் ஈரம் அடைபட்டால் கீற்று புழுங்கி, பூஞ்சை பிடித்து மக்கும். மக்கிய கீற்றின் ஈரம் வரிச்சிக்கும் கைக்கும் இறங்கும். மழையிலிருந்து காப்பாற்றப் போட்ட தார்ப்பாயே தையில் சட்டத்தைத் தின்றுவிடும். தார்ப்பாயைப் போட்டுவிட்டு ஆறு மாதம் மறந்துவிடுவது பழைய வீட்டுக்குச் செய்கிற பெரிய தீங்கு.

விறகடுப்பு இருந்த காலத்தில் புகை கூரைக்குள் சுற்றி ஈரத்தை உலர்த்தியது, பூச்சியையும் விரட்டியது. இப்போது கேஸ் அடுப்பு. அந்த வேலையை வெயிலும் காற்றும் செய்தால்தான் உண்டு.

தார்ப்பாயும் அடுப்பும் சேரலாமா?

சேரவே கூடாது. தார்ப்பாயும் ஃபிளெக்ஸும் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையற்கூடத்துத் தீ கீற்றுக்குப் பரவியதில் நடந்த கொடுமை அது. மழைநாளில் கூரை ஈரமாகத்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். உள்பக்கக் கீற்று காய்ந்துதான் இருக்கும். சமையற்கட்டுக்கு மேலே தார்ப்பாய் போட வேண்டி வந்தால் சமையலை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மின்சாரம் இல்லாத ராத்திரியில் மெழுகுவர்த்திக்குப் பதில் டார்ச்சே இருக்கட்டும்.

புயல் வருகிறது என்றால்?

காரைக்காலிலேயே வானிலைத் துறையின் டாப்ளர் ராடார் (மழை மேகத்தின் இடத்தையும் வேகத்தையும் காட்டும் கருவி) இருக்கிறது. எச்சரிக்கையின் நிறத்தைக் கவனியுங்கள். ஆரஞ்சு என்றால் ஒரு நாளில் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழை வரலாம். சிவப்பு என்றால் அதற்கும் மேல். முன்பு போட்ட கணக்கின்படி, சிவப்பு நாளில் அதே கூரையின் மேல் 10,000 லிட்டருக்கு மேல் விழும்.

காற்று கூரையை இறவாணத்துப் பக்கமாகத்தான் தூக்கத் தொடங்கும். ஆகவே இறவாணத்துக் கீற்றுகளை ஒரு நீள மூங்கிலால் அழுத்தி, கைகளோடு சேர்த்துக் கட்டுங்கள். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு போன்ற மீனவ ஊர்களில் பழைய வலை கிடைத்தால் வாங்கி வாருங்கள். வலையைக் கூரை மேல் விரித்து நாலு மூலையிலும் முளையடித்துக் கட்டினால், கீற்று தனித்தனியாகப் பறக்காது. காற்றும் வலைக்கண் வழியாகப் போய்விடும். தார்ப்பாய் அப்படியல்ல, பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொண்டு கூரையையே கிளப்பும். பலத்த காற்று வரும் என்றால் தளர்வான தார்ப்பாயைக் கழற்றிவிடுவதே நல்லது.

2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகேதான் கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கடந்து, டெல்டாவின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. அப்படியொரு காற்றில் எந்தக் கட்டும் கூரையைக் காக்காது. வெளியேறச் சொன்னால் வெளியேறிவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

சுவர் நனைந்துவிட்டது. வீட்டில் இருக்கலாமா?

சுவரை மூன்று இடத்தில் பாருங்கள். உச்சியில் கை உட்காருகிற இடம், நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா என்று, அடியில் மண் உதிர்ந்து குவிந்திருக்கிறதா என்று. புது விரிசல் சாய்வாக ஓடினாலோ, கதவு திடீரென்று இறுகி மூடாமல் போனாலோ சுவர் அசைகிறது. அந்த அறையில் படுக்காதீர்கள். மழை விட்ட மறுநாளும் சுவர் விழும். ஊறிய ஈரம் கீழே இறங்க நேரமெடுக்கும். குழந்தைகள் பாயைச் சுவரோரம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நனைந்த மண்சுவருக்கு மேல் உடனே சிமெண்ட் பூசாதீர்கள். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவர் உள்ளேயே இளகும். நன்றாகக் காய்ந்த பிறகு, அதே மண்ணைக் குழைத்துத்தான் பூச வேண்டும்.

நிவாரணம் கிடைக்குமா?

கிடைக்க வேண்டுமானால், கூரையில் கை வைப்பதற்கு முன்பே போட்டோ எடுங்கள். வெளியே நாலு பக்கம், உள்ளே ஒழுகிய இடம், நனைந்த சுவர். வீட்டு வரி ரசீதைத் தயாராக வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

2022-23 முதல் 2025-26 வரைக்கான மத்திய அரசின் நிவாரண நெறிமுறையில், சேதமான குடிசைக்கு 8,000 ரூபாய். குடிசையல்லாத கச்சா வீடு (மண், மரம் போன்றவற்றால் கட்டிய வீடு) குறைந்தது 15 சதவீதம் சேதமானால் 4,000 ரூபாய். சமவெளியில் வீடு முழுக்க இடிந்தால் 1,20,000 ரூபாய். வீட்டோடு சேர்ந்த மாட்டுக்கொட்டகைக்கு 3,000 ரூபாய். மாநிலங்கள் கூட்டித் தருவதும் உண்டு: 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தமிழ்நாடு குடிசைக்கு 10,000 ரூபாய் அறிவித்தது. தொகை மாறக்கூடியது, அந்தந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உங்கள் வீட்டைக் 'குடிசை' என்று எழுதுகிறார்களா, 'கச்சா வீடு' என்று எழுதுகிறார்களா என்று பாருங்கள். கொஞ்சம் சேதமானால் குடிசைக்குத்தான் தொகை அதிகம்; முழுக்க இடிந்தால் கச்சா வீட்டுக்குத்தான் அதிகம். கனமான மண்சுவரும் பனங்கையும் உள்ள பழைய வீடு தற்காலிகக் குடிசை அல்ல. எழுதும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

எல்லையையும் மறக்காதீர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தமிழ்நாட்டின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் உண்டு. குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய். போலகம் புதுச்சேரி ஆட்சிப் பகுதி என்பதால் அது இங்கே செல்லாது. இங்கே புதுச்சேரியின் காமராஜர் கல்வீடு கட்டும் திட்டத்தைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும்.

பேசாமல் தகர ஷீட் போட்டுவிடலாமே?

போடலாம், உங்கள் விருப்பம். ஆனால் இரண்டைத் தெரிந்துகொண்டு போடுங்கள். சித்திரை வெயிலில் ஷீட்டுக்கு அடியில் பகலில் உட்கார முடியாது. கீற்றுக்காகக் கட்டிய பழைய சட்டம் கோணல்மாணலாக இருக்கும். ஷீட் அதில் சமமாக உட்காராது, காற்றில் ஒரு மூலை கிளம்பினால் முழுத் தகடும் பறக்கும். பழைய கீற்றின் மேலேயே ஷீட்டை அடிப்பது இரண்டுக்கும் கேடு. இடையில் ஈரம் தங்கும், எலி குடியிருக்கும். ஷீட்தான் என்று முடிவு செய்தால் கீற்றை முழுக்கப் பிரித்து, சட்டத்தை மட்டப்படுத்திவிட்டுப் போடுங்கள்.

முழுக்கூரையை எப்போது மாற்றுவது?

மாசி, பங்குனியில். வெயில் இருக்கும், அறுவடை முடிந்து ஆளும் கிடைக்கும், சட்டத்தில் இற்றதை மாற்றவும் நேரம் இருக்கும். புரட்டாசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் தேடும்போது கீற்றும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. பனையோலையோ விழலோ கிடைத்தால் கீற்றைவிட நாள்படும். கீற்றுதான் என்றால் நன்றாக ஊறப்போட்டு முடைந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஊறாத கீற்று சீக்கிரம் நொறுங்கும், பூச்சியும் பிடிக்கும். வரிசைகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். கீற்று கூடுதலாக ஆகும், ஆனால் கூரை ஒரு மழை அதிகம் தாங்கும்.

வேய ஆள் இல்லை என்பதுதான் இப்போது பெரிய குறை. ஜப்பானில் ஷிரகாவா-கோ என்ற மலைக்கிராமம் இருக்கிறது. 1995 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஊர். அங்கே ஒரு வீட்டுக் கூரையை மாற்ற ஊரே சேர்ந்து ஏறுகிற வழக்கம் உண்டு. நம் தெருவில் நாலு கூரை வீடு இருந்தால், நாலு பேரும் சேர்ந்து ஒரே வாரத்தில் ஆளைப் பேசலாம். ஒரு வீட்டுக்கு வராதவர் நாலு வீட்டுக்கு வருவார்.

அதுவரைக்கும் ஒரு வேலை மட்டும் பாக்கி. ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே, சுவரில் ஒரு கரித்துண்டால் தேதியை எழுதிவையுங்கள். மேலே நீட்டிய ஈர்க்கையும் உருவ வேண்டாம். வெயிலில் காய்ந்த கூரையும் காய்ந்த சுவரும் எங்கே ஒழுகியது என்று காட்டாது. பங்குனியில் கூரைக்காரர் வந்து, எங்கிருந்து பிரிக்கலாம் என்று கேட்கும்போது, அந்தக் கரிக்கோட்டைக் காட்டினால் போதும்.